ஆண்டான் கயிறு

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. என் பைய நான் மடியில வெச்சிக்கறேன். செங்கல்பட்டு வரைக்குமா? நானும் அங்கதான். ராட்டிணங்கிணறுல எறங்கிடுவேன். பொண்டாட்டியக் கூட்டியாரப் போறேன் சார். கோச்சிக்கினு தம்பி வூட்டுக்குப் போயிட்டா. சிரிக்கறீங்க பாத்தீங்களா. தலை நரைச்சப்புறம் இவனுக்கு இன்னா இதுன்னுதான நெனைக்கிறீங்க. எதுக்குக் கோச்சிக்கினா தெரியுமா? ஒரு கயித்துக்கு. அடிச்சேனா, குடிச்சேனா, வேற எதுனா தப்பு தண்டாவா? கெடையாது. ஒரு கயிறு சார். தலைக்கு மேல தொங்கற கயிறு.

நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. சொந்தக்காரன் சொன்னா அவன் அவன் பக்கம் இழுப்பான். மூணாவது மனுசன் சொன்னாதான் சரியா இருக்கும். நான் இன்னிக்கு லேபர் ஆபீசுக்குப் போவணுமாம். ஆபீசர் முன்னாடி நின்னு, அவ தம்பி கை எப்படிப் போச்சுன்னு என் வாயால சொல்லணுமாம். சொல்லிட்டா அப்படியே எங்கூட பஸ் ஏறிடறாளாம். சொல்லலன்னா இந்தப் பக்கமே தலை வெச்சிப் படுக்காதன்னுட்டா. போன்ல சொல்றா சார், இத்தினி வருசம் குடும்பம் நடத்தினவ. எனக்குத் தூக்கம் போயி, சாப்பாடு போயி, இதோ சட்டை லூசாயிடுச்சு பாருங்க.

ஹார்வுட் கம்பெனி கேள்விப்பட்டிருப்பீங்க. அமெரிக்காக் கம்பெனி. கார் செய்யறவங்க. செஞ்சாங்க, இப்ப இல்ல. மதுராந்தகம் தாண்டினதும் ரோட்டு மேலயே வரும், காட்டறேன். நான் அதுல செவுரு எழும்பறதுக்கு முந்தியே சேந்தவன். அந்த எடமெல்லாம் அப்ப மல்லாட்டக் கொல்லை, நீங்க வேர்க்கடலைம்பீங்க. ஐடிஐ முடிச்சிட்டு டிராக்டர் ஒர்க்‌ஷாப்ல கிரீஸ் அப்பிக்கினு கெடந்த என்னை, ஏகாம்பரம், நீ நாளைலேர்ந்து வான்னு கூப்பிட்டு நீல யூனிபாரம் குடுத்தாங்க. அந்தச் சட்டையப் போட்டுக்கினு பஸ்ல ஏறினா கண்டக்டர் கூட மரியாதையா டிக்கெட் கிழிப்பான்.

மொதல்ல வந்த வண்டி ரீஜன்ட். பெரிய வண்டி. அமெரிக்காவுல ஓடி ஓஞ்சப்புறம், அங்க இருந்த மிஷினயெல்லாம் கழட்டிக் கப்பல்ல ஏத்தி இங்க கொண்டாந்து எறக்கினாங்க. நம்ம ஊரு சந்துல திரும்பாது. பெட்ரோல் குடிக்கறது வாங்கினவனுக்கே வெளிய சொல்ல வெக்கம். நாங்க அதுக்கு மாமனாருன்னு பேரு வெச்சோம். நல்லாச் சாப்பிடும், நகராது, வாசல்ல நிறுத்தி வெச்சா மரியாதை. அந்த மாமனாரு ஓடிக்கினு இருந்த காலத்துலதான் எனக்குக் கண்ணாலம். பூங்காவனம். அவங்கப்பா, என் நெஜ மாமனாரு, கார் கம்பெனி மாப்பிள்ளைன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருந்தாரு. நான் காரே வெச்சிருக்கேன்னு நெனச்சிட்டாங்க பாதிப் பேரு. சைக்கிள்ல போய் எறங்கினேன்.

அந்த வண்டி விக்கல. மூடிடுவாங்கன்னு பேச்சு. அப்பால பிக்ஸின்னு ஒரு குட்டி வண்டி வந்துச்சு பாருங்க, அதுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. சிட்டுன்னு சொல்லுவோம். டாக்டரம்மா, வாத்தியாரு, அரிசி மண்டிக்காரரு, எல்லாரும் வாங்கினாங்க. ரெண்டு ஷிப்ட் மூணு ஷிப்ட் ஆச்சு. நான் கதவு மாட்டற லைனுக்கு லீடர் ஆனேன். பூங்காவனத்துக்குத் தோடு வாங்கினது, வூட்டுக்குத் தளம் போட்டது, எல்லாம் சிட்டு காலத்துல. எங்க வூட்ல வருசம் சொல்ல மாட்டோம் சார். பொண்ணு பொறந்தது எப்பன்னு கேட்டா, செவப்பு சிட்டு வந்தப்பன்னு சொல்லுவோம்.

அந்தக் காலத்துலதான் இந்தக் கயிறு வந்துச்சு. டக்ளஸ்னு ஒரு அமெரிக்காக்காரரு பெரிய அதிகாரியா வந்தாரு. நல்ல மனுசன். கேன்டீன்ல எங்க கூடவே நின்னு சாம்பார் சாதம் துன்னுவாரு, கண்ணுல தண்ணி ஊத்தும், வுட மாட்டாரு. அவரு லைன் நெடுகக் கயிறு கட்ட வெச்சாரு. தலைக்கு மேல மஞ்சக் கயிறு. எல்லாரையும் நிக்க வெச்சி இங்கிலீசுல பேசினாரு, பர்சனல் ஆபீஸ் பையன் ஒருத்தன் தமிழ்ல சொன்னான். யாருக்கு எந்தத் தப்பு கண்ணுல பட்டாலும், யாருக்கு எது ஆனாலும், இந்தக் கயித்த இழுங்க. லைன் நின்னுடும். ஏன் இழுத்தன்னு யாரும் உங்களக் கேக்க மாட்டாங்க. இதுக்குப் பேரு ஆண்டான்.

ஆண்டான்! எங்களுக்கு இன்னா தோணும் சொல்லுங்க. ஆண்டான் கயித்துல நாம கைய வெக்கறதா? அவங்கவங்க ரெண்டடி தள்ளி நின்னுக்கினோம். அது ஜப்பான்காரன் பேச்சாம், விளக்குன்னு அர்த்தமாம், பின்னாடி என் மச்சான் கன்னியப்பன்தான் எங்கியோ படிச்சிட்டு வந்து சொன்னான். விளக்கோ கிளக்கோ, அதுக்குள்ள எங்க வாயில அது ஆண்டான் கயிறாவே பழகிடுச்சு. டக்ளஸுக்கும் யாரோ நம்ம ஊர்ல ஆண்டான்னா இன்னா அர்த்தம்னு சொல்லிட்டாங்க. மனுசன் சிரிச்சிட்டு, அப்ப இன்னும் நல்லதாப் போச்சு, இழுக்கறவன் எவனோ அவன்தான் ஆண்டான்னாரு. எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சோம். தமாஷா பேசுவாரு.

அத இழுத்தா இன்னா ஆவும்னா, எந்த எடத்துல இழுத்தாங்களோ அந்த எடத்து நம்பர் போர்டுல எரியும். அது போவட்டும். பாட்டு ஒன்னு பாடும் சார். ஐஸ் வண்டிக்காரன் பாட்டு மாதிரி டிங்கு டிங்குன்னு, மொத்த ஷெட்டுக்கும் கேக்கும். மத்த லைன்காரனுங்க அத்தினி பேரும் திரும்பிப் பாப்பானுங்க. யாரு வூட்ல எழவுன்னு கேட்டு சிரிப்பானுங்க. மானம் போவுமா போவாதா? சீட்டு மாட்டற லைன்ல வாரத்துக்கு ரெண்டு தரம் பாடும். கண்ணாடி லைன் சொல்லவே வேணாம், அவனுங்க கச்சேரியே வெப்பானுங்க.

எங்க லைன் பாடாது. இத நான் கர்வமாதான் சொல்றேன். நான் லீடரா இருந்த வரைக்கும் கதவு லைன் பாடினதே இல்ல. கோணலா ஒரு கதவு வந்தா அத அப்படியே மாட்டி அனுப்பிடுவோம், கடைசில ரிப்பேர் யார்டுல இருக்கறவன் பாத்துக்குவான். அவனுக்கும் வேலை வேணுமில்ல? பாடாத லைன்னுதான் எங்களுக்குப் பேரு. கேன்டீன் வரிசையில கூட, பாடாத லைன் வருது வழி வுடுன்னுவாங்க. ஷீல்டு மேல ஷீல்டா வாங்கினோம். டக்ளஸ் மட்டும் ஒரு தரம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஏகாம்பரம், உன் லைன் ஏன் நிக்கவே மாட்டேங்குது, எனக்கு பயமா இருக்குதுன்னாரு. திஷ்டி பட்டுடும்னு பயப்படறாருன்னு நெனச்சேன். அந்த அளவுக்கு எங்க மேல பாசம்.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வெப்போம். கயித்துக்கும் வெச்சோம். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மாலைக் கனத்துல கயிறு தொங்கிப் போயி பசங்க மண்டையில இடிக்குது. எவனாவது கை தவறி இழுத்துத் தொலைச்சா? அதனால நான்தான் அத மேல சுருட்டி, மஞ்சத் துணி போட்டு முடிஞ்சி, பைப்போட சேத்துக் கட்டினேன். பூஜை முடிஞ்சும் அவுக்கல. சாமிக்குக் கட்டினத அவுக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. யாரும் கேக்கல. அதுக்குள்ள டக்ளஸும் ஊருக்குப் போயிட்டாரு.

இன்னா சார்? இல்ல இல்ல, இது படாளம் இல்ல, இப்பதான் மதுராந்தகம் வருது. ஏரி ரொம்பியிருக்குது பாருங்க.

கன்னியப்பனப் பத்திச் சொல்லணும். பூங்காவனத்துக்கு ஒரே தம்பி. அவங்கம்மா சீக்கிரம் போய்ச் சேந்துட்டாங்க, இவதான் இடுப்புல தூக்கி வளத்தா. நான் கண்ணாலம் கட்டி வரும்போது அவன் ஸ்கூல் பையன், மாமா மாமான்னு எங்கூடவே சுத்துவான். படிச்சி முடிச்சதும் நான்தான் கம்பெனியில சேத்து வுட்டேன். என் சொல்லுக்கு அங்க அவ்ளோ மதிப்பு. என் லைன்லயே போட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது, வேலையில புலி. கதவ மாட்டிட்டு உள்ளங்கையால ஒரு தட்டு தட்டுவான், சத்தத்த வெச்சே சரியா உக்காந்துச்சா இல்லியான்னு சொல்லிடுவான்.

அப்பதான் மூணாவது வண்டி வந்துச்சு. டஸ்கர். ஒசரமான வண்டி, ஆனைன்னுவோம். இந்த வண்டி இருக்குதே சார், இது அமெரிக்காவுக்கே போச்சு. மல்லாட்டக் கொல்லையில செஞ்ச வண்டி கப்பல் ஏறிப் போயி அமெரிக்காவுல ஓடுது. மொத வண்டிய அவன் அங்கேர்ந்து கொண்டாந்து நம்ம தலையில கட்டினான், மூணாவது வண்டிய நாம செஞ்சி அவனுக்கு அனுப்பினோம். எங்களுக்குப் பெருமை தாங்கல. அங்கேர்ந்து பெரிய பெரிய ஆளுங்க பாக்க வரப்போறதா சொல்லிட்டாங்க. லைன் வேகத்த ஏத்திட்டாங்க.

அந்த வாரந்தான் அது நடந்துச்சு. லைன்ல கார் பாடி நகந்துக்கினே இருக்கும் சார், நிக்காது. கதவு மேல கொக்கியில தொங்கிக்கினு தனியா வரும். ரெண்டும் சேர்ற எடத்துல நின்னு கீல்ல போல்ட் போடணும். கன்னியப்பன் நின்ன எடம் அது. அன்னிக்கு ஒரு கதவு கோணலா வந்துச்சு. இவன் நிமித்தி வெக்கப் பாத்தான், க்ளவுஸ் கீல்ல மாட்டிக்கிச்சு, கை உள்ள போயிடுச்சு. மாமா, கயிறு, மாமா கயிறுன்னு கத்தினான். நான் அண்ணாந்து பாத்தேன். மஞ்சத் துணி அப்படியே இருக்குது, மாலை காஞ்சிபோய்த் தொங்குது. எனக்கு எட்டும். நான் ஒசரமான ஆளுதான். ஆனா முடிச்ச அவுக்கணும், அவுத்தா பாடும், பெரிய ஆளுங்க வர்ற வாரம், இத்தினி வருசமா பாடாத லைன். அந்த நேரத்துல மனுசனுக்கு என்னென்ன தோணுது பாருங்க.

அவன் அலறிக்கினே அந்தக் கார் பாடி கூடவே நடந்தான். கை உள்ள இருக்குதே, நடந்துதான ஆவணும். நானும் கூடவே நடந்தேன் சார். தோளப் புடிச்சிக்கினு, தோ ஆச்சு மச்சான், தோ ஆச்சுன்னு சொல்லிக்கினே நடந்தேன். அவன வுட்டுட்டேன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. தேசிங்குன்னு ஒரு பையன் எங்கியோ இருந்து கம்பியத் தூக்கிக்கினு ஓடியாந்து நெம்பி எடுத்தான். நடு விரலும் மோதிர விரலும் போச்சு. மிச்சம் இருக்கறதும் மடங்காது.

லைன் நிக்கல. அன்னிக்கும் நிக்கல சார்.

அவன் அப்ப இன்னும் நெரந்தரம் ஆவல. ஆவற சமயம். விபத்துன்னு கம்பெனியில பதிஞ்சா அவன் பேருதான கெடும்? கவனமில்லாதவன்னுதான சொல்லுவாங்க? அவன் நல்லதுக்காகத்தான் நான் யோசிச்சேன். பர்ஸ்ட் எய்டு ரூம் பக்கம் போவாம, பின் கேட்டு வழியா தேசிங்கு பைக்குல நடுவுல உக்கார வெச்சி, நான் பின்னாடி உக்காந்து அணைச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போற வழியில காதுல சொன்னேன். மச்சான், பைக்குலேர்ந்து வுழுந்துட்டேன்னு சொல்லிடு, செயின்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுன்னேன். தலைய ஆட்டினான். வண்டி குலுங்கி ஆடிச்சோ இன்னாவோ, எனக்கு ஆட்டின மாதிரிதான் தெரிஞ்சுது.

பூங்காவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்து என்னக் கட்டிக்கினு அழுதா. நீங்க இல்லன்னா என் தம்பி இன்னா ஆயிருப்பானோன்னு அழுதா. அதெல்லாம் இப்ப மறந்துட்டா.

பேசிப் பேசி அவன நெரந்தரம் ஆக்கினது யாரு? நான். கதவு மாட்ட முடியாதுன்னதும் போல்ட்ட தட்டுல அடுக்கிக் குடுக்கற லேசான வேலை வாங்கிக் குடுத்தது யாரு? நான். அந்த வருசமும் ஷீல்டு எங்களுக்குத்தான் வந்துச்சு. தனியாவா போய் வாங்கினேன்? கன்னியப்பனையும் மேடைக்குக் கூப்பிட்டேன். கட்டுப் போட்ட கையோட வந்து எல்லாரோடவும் சேந்து கை தட்டினான். கை தட்டல, எப்படித் தட்டுவான். ஆனா வந்து நின்னான். போட்டோவுல இருக்கான்.

தோ பாருங்க சார், இந்தப் பக்கம், இந்தப் பக்கம். நீலக் கூரை தெரியுதா? அதுதான் எங்க கம்பெனி. கேட்டாண்ட ஒருத்தன் சேர் போட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. போர்டக் கழட்டிட்டாங்க. எழுத்து இருந்த எடம் மட்டும் வெளுக்காம இருக்குது. போச்சு, தாண்டிட்டோம்.

மூடப்போறோம்னு எங்ககிட்ட யாரும் சொல்லல. கேன்டீன்ல சாப்பிட்டுக்கினு இருக்கோம், டிவியில ஓடுது, ஹார்வுட் இந்தியாவ வுட்டுப் போவுதுன்னு. சோத்துல கை வெச்சபடியே உக்காந்துட்டோம். பக்கத்துல இருந்தவன் ரசத்த ஊத்திக்கினே இருக்கான், தட்டு வழிஞ்சி யூனிபாரத்துல கொட்டுது, அவனுக்குத் தெரியல. அப்பால சங்கம், போராட்டம், கேட்டு முன்னாடி பந்தல். கொஞ்ச நாள் லைன் கம்முனு கெடந்துச்சு. அது வேற, மொத்த பிளான்ட்டும் நின்னது, அத எங்க லைன் கணக்குல சேக்கக் கூடாது. அப்பால பேசி முடிச்சி, வெளிநாட்டுக்குப் போவ வேண்டிய ஆனை மட்டும் கொஞ்சம் பாக்கி, அத முடிச்சிக் குடுங்கன்னாங்க. நான்தான் பசங்களத் திரட்டினேன். இன்னாடா, போற காலத்துல பேரக் கெடுத்துக்கலாமான்னு கேட்டேன். வந்தானுங்க.

கடைசி வண்டி. வெள்ளை ஆனை. மாலை போட்டு, பூசணிக்காய் சுத்தி, ஒவ்வொரு எடமா வருது. அவனவன் தொட்டுக் கும்புடறான், போன்ல போட்டோ எடுத்துக்கறான். பெரிய பெரிய தாட்டி ஆளுங்க எல்லாம் தேம்பறானுங்க. நானும் கண்ணத் தொடச்சிக்கினேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன். இந்த ஒன்னு போயிட்டா முடிஞ்சுது, மொத கதவுலேர்ந்து கடைசிக் கதவு வரைக்கும் பாடாத லைன்னு சொல்லிக்கலாம். உலகத்துல எவன் சொல்ல முடியும்?

வண்டி கதவு மாட்டற எடத்துக்கு வந்துச்சு. கன்னியப்பன் தட்டக் கீழ வெச்சான். எவனோ உக்கார்ற ஸ்டூல இழுத்துப் போட்டு மேல ஏறினான். போட்டோ எடுக்கத்தான் ஏறறான்னு நெனச்சோம். இடது கையால மஞ்சத் துணி முடிச்ச அவுக்கறான். சீக்கிரத்துல அவுறுமா, நான் போட்ட முடிச்சி. பல்லால கடிச்சி அவுக்கறான். டேய் டேய்னு நான் ஓடறேன். கயிறு கீழ வுழுந்துச்சு. புடிச்சி இழுத்தான் சார்.

நின்னுடுச்சு. நம்பர் எரியுது. பாட்டு பாடுது, டிங்கு டிங்குன்னு. எங்க லைன்ல அந்தப் பாட்ட நான் அன்னிக்குத்தான் முழுசாக் கேட்டேன். வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். இன்னாடா, வண்டியில இன்னாடா தப்புன்னு கேட்டேன். அவன் ஸ்டூல் மேலயே நின்னுக்கினு சொல்றான், வண்டியில ஒன்னும் தப்பு இல்ல மாமா. அவ்ளோதான். எறங்கினான், போயிட்டான். நான் வேர்வையில நனைஞ்சி நிக்கிறேன், பசங்க எல்லாம் கை தட்டறானுங்க சார். என் பசங்க. நான் கூட்டியாந்த பசங்க. அதுதான் எனக்கு மனசு வுட்டுப் போச்சு.

வூட்டுக்கு வந்து வயித்தெரிச்சலப் பொண்டாட்டிகிட்ட கொட்டாம யாருகிட்ட கொட்டறது? பூங்காவனம் கீரை ஆஞ்சிக்கினு இருந்தா. உன் தம்பி பண்ண வேலையப் பாத்தியா, என் மூஞ்சில கரியப் பூசிட்டாண்டி, வேணும்னே கயித்த இழுத்து லைன நிறுத்திட்டாண்டின்னேன். அவளுக்கு ஒன்னும் வெளங்கல. போவட்டும் வுடுங்க, சின்னப் பையன்தானன்றா. எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. இன்னாடி போவட்டும், அவன் கை போன அன்னிக்குக்கூட நிக்காத லைன் அது, தெரியுமா உனக்குன்னு கத்திட்டேன்.

கீரையக் கீழ வெச்சா. அவன் கை பைக்குலதான போச்சுன்னா.

நான் சட்டையக் கழட்டி ஆணியில மாட்டினேன். அவளே கேக்கறா. அந்தக் கயித்த இழுத்தா லைன் நின்னுடுமா? நின்னுடும். ஒடனேவா? ஒடனே. யார் வேணா இழுக்கலாமா? யார் வேணா இழுக்கலாம். நீங்க எங்க இருந்தீங்க? அங்கதான் இருந்தேன், அவன் தோளப் புடிச்சிக்கினு கூடவே நடந்தேன்டி, வுட்டுடுவனான்னேன். அதச் சொன்னா சமாதானம் ஆவான்னு நெனச்சேன் சார். அவ என்ன ஒரு பார்வை பாத்தா. கண்ணாலம் ஆனதுலேர்ந்து அந்தப் பார்வைய நான் பாத்ததில்ல. விடிஞ்சதும் பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டா. கீரை அப்படியே வாடிக் கெடந்துச்சு, நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

இப்ப இன்னா ஆச்சுன்னா, எங்க பசங்கள்ல பாதிப் பேரு வேற வேற கம்பெனியில ஏறிட்டானுங்க. கன்னியப்பன் போற எடத்துலயெல்லாம் கையப் பாத்துட்டு வேணாம்ங்கறாங்க. லைன்ல போன கைன்னா நஷ்ட ஈடு கேக்கறதுக்கு சட்டம் இருக்குதாம். பைக்குல வுழுந்த கைக்கு யாரு பதில் சொல்லுவா? அவன் எதுவும் கேக்கல சார், அவன் வாயத் தொறக்க மாட்டான். இவதான் அவன லேபர் ஆபீசுக்கு இழுத்துக்கினு போயி மனு குடுக்க வெச்சிருக்கா. சாட்சி யாருன்னு கேட்டிருக்காங்க. தேசிங்கு ஓசூருக்குப் போயிட்டான், போன எடுக்க மாட்டேங்கறான். இவ நெஞ்ச நிமித்திக்கினு, என் வூட்டுக்காரரு இருக்காருன்னு சொல்லிட்டு வந்திருக்கா. என்னக் கேக்கவே இல்ல.

நான் சொன்னா இன்னா ஆவும் யோசிங்க. பாடாத லைன்னு ஊரெல்லாம் பேரு. எங்க பழைய ஆளுங்க இப்பவும் எங்கனா பாத்தா, இன்னா லீடரு, பாடாத லைன்னு கூப்பிட்டுக் கும்புடறாங்க. கம்பெனி போச்சு, யூனிபாரம் போச்சு, எனக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒன்னுதான். அதப் போயி ஆபீசர் முன்னாடி... நான் கயித்தக் கட்டி வெச்சேன், அவன் கத்தினான், எனக்கு எட்டிச்சு, நான் இழுக்கல, இதச் சொல்லணும்ங்கறா. அதெப்படி சார் ஒரு மனுசன் வாயால சொல்ல முடியும்?

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? ஏதோ ஒன்னு சொல்லுங்களேன். இவ்ளோ நேரம் நல்லாத்தான தலையாட்டிக்கினு வந்தீங்க.

பாலாறு வந்துடுச்சு. தண்ணி ஓடுது பாருங்க, இந்த வருசம் பரவால்ல.

வூட்ல ஆள் இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்குது சார். சோறு பொங்கிக்கறேன், அது பெருசில்ல. சாயங்காலம் ஆனா வாசப்பக்கமே பாத்துக்கினு உக்காந்துடறேன். அவ இல்லாம எனக்கு ஆவாது. இத வெளிய சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல. அதனாலதான் பஸ் ஏறிட்டேன். சொல்லித் தொலைச்சிடலாம்னுதான் ஏறினேன். சரி, ஒன்னு பண்ணுவோம். நீங்க ஆபீசர்னு வெச்சிக்கங்க. நான் சொல்லிப் பாக்கறேன். சரியா வருதான்னு பாருங்க.

ஐயா வணக்கம். என் பேரு ஏகாம்பரம். ஹார்வுட் கம்பெனியில கதவு லைன் லீடரு. கன்னியப்பன் என் மச்சான். அவன் கை வந்து, அன்னிக்கு வேலை முடிச்சி பைக்குல வரும்போது செயின்ல...

பாத்தீங்களா. தன்னால வருது. இத்தினி வருசமா எல்லாருக்கும் அதையே சொல்லிச் சொல்லி நாக்கு அதுலயே போவுது. இருங்க, இன்னொரு தரம். ஐயா வணக்கம். கன்னியப்பன் கை லைன்ல போச்சு. லைன்ல வேலை செய்யும்போது போச்சு. அவன் வந்து கோணலா இருந்த கதவ, அவனே கைய வுட்டு... இல்ல. அவன் மேல தப்பு இல்ல. நான் வந்து அப்ப... நான் வந்து...

கண்டக்டர், ராட்டிணங்கிணறு ஒன்னு இருக்குது, நிறுத்துங்க.

தோ நிக்கிறா சார். பச்சைப் புடவை. அவதான் பூங்காவனம். எளச்சிப் போயிட்டா. பக்கத்துல கன்னியப்பனும் நிக்கிறான். அவன் எதுக்கு வந்தான்? என்னப் பாத்துட்டான், சிரிக்கிறான் பாருங்க. எப்பவும் அப்படித்தான், மாமா வந்தா ஓடியாந்து பைய வாங்கணும் அவனுக்கு. வர்றான். படிக்கட்டாண்ட வந்துட்டான். சார், அந்தக் கைய நீட்டறான் சார். வேணாம்பா, கனமா இருக்குது, அந்தக் கையால வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொல்லுங்க சார். எனக்கு வாய் வரல.